ஆண்டி சுனையோடு திரும்பியவன் எழுதுவது

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். நாங்கள் வெள்ளியங்கிரி போய்வந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஒருத்தர் போட்ட கமெண்டுக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் குவிவதைப் பார்த்த பிறகு முடியவில்லை. "ஏழாவது மலை ஏறாம வெள்ளியங்கிரி போனேன்னு சொல்லாதீங்க ப்ரோ."

ப்ரோவாம்.

கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரியில் வரிசையாக ஏழு மலை, ஏழாவதன் உச்சியில்தான் சிவன். ஆனால் ஆறு மலை ஏறினவனும் ஏறினவன்தான். அடிவாரமான பூண்டியில் விடிகாலை நாலு மணிக்கு மூங்கில் தடியை ஊன்றினோம். வெள்ளைப் பிள்ளையார் கோயில் வருவதற்குள்ளேயே பாதிப் பேருக்கு நாக்குத் தள்ளிவிடும். பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை எல்லாம் தாண்டித்தான் ஆறாவது மலையில் இருக்கிற ஆண்டி சுனைக்குப் போனோம். மாமாவுக்கு 56 வயது, சர்க்கரை வேறு. சுனையில் முகம் கழுவிவிட்டு எழுந்தார், வேட்டிக்கு மேலேயே தொடை நடுங்குவது தெரிந்தது. கடலை மிட்டாய்க் கவரைப் பிரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. நான்தான் பிரித்துக் கொடுத்தேன். எதிரே ஏழாவது மலை செங்குத்தாக நிற்கிறது. திரும்பிவிட்டோம். இவ்வளவுதான் நடந்தது.

"சர்க்கரைக்காரரை ஏன் கூட்டிப் போனாய்?" நியாயமான கேள்வி. இதயக் கோளாறு, பிரஷர், சர்க்கரை இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. 2024 மார்ச்சில் ஓரிரு நாளுக்குள் மூன்று பேர் அந்த மலையில் இறந்தார்கள். தெரிந்தேதான் போனோம், தப்புதான். அதனால்தானே ஐயா திரும்பினோம்!

பக்தி இருந்தால் கால் தானாக ஏறும் என்கிறவர்களுக்கு: அடிவாரக் கோயிலில் இருப்பதும் அதே ஆண்டவர்தான்.

"அவரை உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் போயிருக்கலாமே?" மாமாவும் அதைத்தான் சொன்னார். "நீ போயிட்டு வா மாப்ளே, நான் இங்கயே இருக்கறேன்." எனக்கும் ஆசைதான், பொய் சொல்லவில்லை. பத்தடி ஏறினேன். திரும்பிப் பார்த்தால் மனுஷன் தடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் போவதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எட்டாம் வகுப்பில் என் கால் முறிந்தபோது ரெண்டு மாதம் சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். அவருக்கும் அன்றைக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும்.

சுனையிலிருந்து திரும்புவதும் முதலில் ஏற்றம்தான், அப்புறம்தான் இறக்கம். அந்த இறக்கத்தில் முட்டி படும் பாடு போட்டோவில் வராது.

கமெண்ட் போட்ட அண்ணனுக்கு ஒன்று. ரெண்டு வருஷமாக "இந்த சீசன் சேர்ந்து போலாம்" என்று சொல்லிவிட்டு, கிளம்புகிற ராத்திரி போனை அணைத்து வைத்தது நீங்கள்தானே? ஏழாவது மலை உச்சியான சாமி முடியில் எடுத்த போட்டோ உங்களிடம் இருக்கிறது, சந்தோஷம். கூட வந்த நாலு பேரில் எத்தனை பேரோடு சேர்ந்து இறங்கினீர்கள்?

அடிவாரத்தில் தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்குகிறார்கள். பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தால் அந்தக் காசு கிடைக்கிறது. ஆளைத் திருப்பிக் கொண்டுவந்ததற்கு எனக்குக் கிடைத்தது கிண்டல்.

"விட்டுத் தள்ளு" என்று யாரும் இன்பாக்ஸில் வர வேண்டாம். மாமாவுக்கு ஃபேஸ்புக் கிடையாது. அவர் மகள் அந்தக் கமெண்டை வாசித்துக் காட்டியிருக்கிறாள். "என்னாலதான மாப்ளே உனக்கு இந்தப் பேச்சு" என்று இன்றைக்குக் காலையில் போன்.