சம்பந்திகள் பனியில் நடக்கப் போகிறார்கள்

(ஏற்காடு, பங்குனி மாதத்துக் காலை. காப்பி எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற கந்தசாமி, வீட்டுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் காப்பித் தோல் மேட்டில் இரு கால்களிலும் முறம் கட்டிக்கொண்டு நிற்கிறார். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரியான சம்பந்தி அர்த்தநாரி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்த தலைச்சுற்றலோடு வந்து சேருகிறார்.)

அர்த்தநாரி: சம்பந்தி, எனக்குத் தலை சுற்றுவதால் இப்படித் தெரிகிறதா, அல்லது நீங்கள் உண்மையாகவே காலில் முறத்தைக் கட்டியிருக்கிறீர்களா?

கந்தசாமி: வாருங்கள், வாருங்கள். பிள்ளைகள் அடுத்த வாரம் நம்மைக் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்கு அழைத்துப் போகிறார்களே, அதற்கு ஒத்திகை. பனிச்சறுக்கு நம் முழங்கால்களுக்கு ஆகாது என்று, பக்கத்துக் காட்டுக்குள், பூட்ஸுக்கு அடியில் அகலமான பனிக் காலணி கட்டி நடக்க மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருக்கிறார். வெறும் பூட்ஸோடு இறங்கினால் தொடை வரை புதைந்துவிடுவோம். உடம்பின் எடையை அகலமாகப் பரப்பிவிட்டால் மேலாகவே நிற்கலாம். இந்தத் தோல் மேட்டிலும் அதே கணக்குத்தான்.

அர்த்தநாரி: காலில் அணியும் பொருளை விற்றே பிழைத்தவன் நான். அதன் அமைப்பைச் சொல்லுங்கள், மதிப்புப் போடுகிறேன்.

கந்தசாமி: அலுமினியச் சட்டம், நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு, முன்பாதத்துக்கு அடியில் உலோகப் பற்கள். பூட்ஸை வாரால் இறுக்கிக் கட்டினாலும், அடி எடுத்து வைக்கும்போது குதிகால் தட்டோடு ஒட்டாமல் எழும்பும்.

அர்த்தநாரி: பல் எதற்கு? பனி மெத்தென்றுதானே இருக்கும்?

கந்தசாமி: பருவம் முடியும் நேரத்துப் பனிக்கு வேளைக்கொரு குணம். பகல் வெயிலில் உருகி ஈரமானது இரவுக் குளிரில் இறுகி, காலையில் ஓடு கட்டிக் கிடக்கும். பல் இல்லாவிட்டால் வழுக்கும். வெயில் ஏற ஏற அதே பனி இளகி, காலணியின் அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு கனக்கும். பிற்பகலில் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் ஈரப்பனி மொத்தமாகச் சரிந்து வரவும் கூடும் என்பதால், விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும்.

அர்த்தநாரி: விடியற்காலையிலா! தூங்குவதற்காகத்தானே மனிதர்கள் குளிர் ஊருக்குப் போகிறார்கள்? சற்றுத் தாமதமாக நடந்தால் பனி கோபித்துக்கொள்ளுமா?

கந்தசாமி: கோபித்துக்கொள்ளாது, விழுங்கிவிடும். மரத்தடியில் இன்னும் மோசம். அடிமரத்தைச் சுற்றிப் பனி குழி விட்டிருப்பதைத் தாழ்ந்த கிளைகள் மறைத்திருக்கும். நிழலைக் கண்டதும் சாய்ந்து உட்காரும் சேலத்துப் பழக்கத்தை அங்கே காட்டாதீர்கள்.

அர்த்தநாரி: பனியில் நிழலை யார் தேடுவார்கள்?

கந்தசாமி: நீங்கள் தேடுவீர்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் என்றால் குல்மார்க் 2,650. அந்த உயரத்து வெயில் மேலிருந்து ஒரு முறையும், பனியில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து ஒரு முறையும் தாக்குவதால், மூக்கின் அடியும் தாடையின் அடியும்கூடத் தோலுரியும். கறுப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் இரவெல்லாம் கண் எரியும். பருத்தி வேட்டியும் ஆகாது. நனைந்தால் எளிதில் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

அர்த்தநாரி: தூக்கம் கூடாது, நிழல் கூடாது, வேட்டி கூடாது. பணம் கட்டி வாங்கிய விரதமாக அல்லவா இருக்கிறது! நடையாவது நம்முடைய நடைதானா?

கந்தசாமி: கால்களைச் சற்று அகட்டி வைக்க வேண்டும், இல்லையெனில் ஒரு காலணியை மறு காலணி மிதித்துவிடும். பின்னால் மட்டும் நடக்கவே கூடாது, வால் பகுதி பனியில் குத்திக்கொள்ளும். திரும்புவதென்றால் சிறு வட்டமடித்துத்தான்...

(உள்ளிருந்து, "என் முறம் இரண்டையும் எங்கே காணோம்?" என்று ஒரு குரல். கந்தசாமி தம்மையறியாமல் ஓரடி பின்வாங்கி, முறம் குத்திக்கொள்ள மல்லாந்து விழுகிறார்.)

அர்த்தநாரி: பாடம் தெளிவாக விளங்கியது, சம்பந்தி. எழுவதற்கும் ஒரு முறை உண்டல்லவா?

கந்தசாமி: உண்டு. குப்புறப் புரண்டு, முழங்காலில் நின்று, பிறகு ஒவ்வொரு காலாக... மெதுவாகச் சிரியுங்கள், அவளுக்குக் கேட்டுவிடும்.

அர்த்தநாரி: அங்கே நீங்கள்தான் முன்னே நடக்க வேண்டும். மூத்தவர், மலையில் பழகியவர்.

கந்தசாமி: பிள்ளை வீட்டாரைப் பின்னால் வரச் சொல்வதா? நீங்களே முன்னே நடங்கள்.

அர்த்தநாரி: இந்த மரியாதையில் ஏதோ சேதாரம் இருக்கிறது. முன்னே போகிறவருக்கு என்ன ஆகும்?

கந்தசாமி: (தோலைத் தட்டிவிட்டபடி) இரவில் புதுப்பனி விழுந்திருந்தால், முன்னே போகிறவர் அடிக்கு அடி அதை மிதித்து அழுத்தி வழி உண்டாக்க வேண்டும். பின்னால் வருகிறவர் அந்தத் தடத்தில் சுகமாக வரலாம்.

அர்த்தநாரி: அப்படிச் சொல்லுங்கள்! பனிச்சறுக்குக்கென்று இயந்திரத்தால் சமன்படுத்திய பாதை இருக்குமே, அதில் நடந்துவிட்டால்?

கந்தசாமி: நம் தடங்கள் அங்கே பள்ளமாகி, சறுக்கி வருகிறவர்களை இடறிவிடும். ஓரமாகத்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

அர்த்தநாரி: அப்படியானால் நான் சொல்வதைக் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பில் ஊரே பார்க்க முன்னே வந்தவன் என் மகன்தானே? குல்மார்க்கிலும் அவனே முன்னே நடக்கட்டும். எங்கே போனாலும் முதல் தாம்பூலம் மாப்பிள்ளைக்குத்தான்.

கந்தசாமி: (முகம் மலர்ந்து) சம்பந்தம் செய்தால் உங்களைப் போன்ற இடத்தில்தான் செய்ய வேண்டும்!