சங்க விதியில் ‘அமைதி’ என்ற வரி எப்படி வந்தது

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவின் பாரம்பரியக் கராத்தே சங்கங்களில் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் விதிகளில் நோக்கம் என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும். முன்னோர் கொடுத்த கட்டாக்களை, அதாவது வரிசை மாறாமல் செய்யும் பயிற்சி அசைவுகளை, மாற்றாமல் காப்பது, உடலோடு சேர்த்துக் குணத்தையும் வளர்ப்பது, உலக அமைதிக்குத் துணை நிற்பது. முதல் இரண்டையும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவதைப் படித்ததும் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. குத்தவும் உதைக்கவும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் அமைதிக்கு என்ன வேலை என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் கோஜு ரியு என்ற ஒகினாவாக் கராத்தே மரபைப் பயில்கிறவன், இப்போது பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மூன்றாவது வரிதான் மற்ற இரண்டுக்கும் உயிர் கொடுக்கிறது என்று நம்புகிறேன். ஏனென்றால் அது தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்ததில்லை. அந்தத் தீவு மக்கள் பெரிய விலை கொடுத்த பிறகுதான் அது எழுதப்பட்டது.

1908 அக்டோபரில் இட்டோசு அங்கோ என்ற முதிய ஆசான் ஒகினாவாவின் கல்வித்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பகுதிகள் கொண்ட அந்தக் கடிதத்தை இன்றும் கராத்தே உலகம் முழுவதும் படிக்கிறார்கள். அதில் அருமையான விஷயங்கள் உண்டு. ஒற்றை ஆளாக வரும் முரடனோடு மோதுவதற்கு இந்தக் கலை இல்லை, கையையும் காலையும் பயன்படுத்தாமல் விலகப் பார் என்கிறார். பயிற்சி செய்தவர்களில் பலர் நீண்ட நாள் வாழ்ந்தார்கள், செரிமானத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது என்கிறார். ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு வாதமும் இருக்கிறது. சிறு வயதிலிருந்தே பள்ளியில் கராத்தே சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிற்காலத்தில் நல்ல ராணுவ வீரர்களாக வருவார்கள் என்று எழுதி, நெப்போலியனை வென்ற வெலிங்டனையே சாட்சிக்கு இழுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1879-ல் தங்கள் ரியூக்யூ அரசை இழந்து ஜப்பானின் ஒரு மாகாணமாகிவிட்ட மக்கள் அவர்கள். தங்கள் கலையைப் பள்ளிகளில் பரப்ப வேண்டுமானால் அரசாங்கத்துக்குப் புரிகிற மொழியில்தான் கேட்டாக வேண்டும். ஏற்கெனவே சில பள்ளிகளில் தொடங்கியிருந்த கராத்தேவுக்காக அவரும் அப்படித்தான் கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கராத்தே பற்றி நான் எதை எழுதினாலும் “காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் இதை உலகுக்குக் கொடுத்தார்” என்று யாராவது வந்து சொல்வார்கள். இட்டோசு தன் கடிதத்தைத் தொடங்கும்போதே, இந்தக் கலை பௌத்தத்திலிருந்தோ கன்ஃபூசியத்திலிருந்தோ வந்ததில்லை என்றுதான் எழுதுகிறார். சீனாவிலிருந்து வந்தது என்பதை ஒகினாவாக்காரர்கள் மறைத்ததே கிடையாது. கோஜு ரியுவின் வேரான ஹிகாவொன்னா கன்ரியோ, சீனாவின் ஃபூசோ நகரத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவர். போதிதர்மரைச் சீனாவின் ஷாவோலின் மடத்துச் சண்டைக்கலையோடு சேர்த்துச் சொல்லும் கதை, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு சீன நூலிலிருந்து பரவியது. நம் பெருமைக்கு நமக்குச் சிலம்பமும் வர்மமும் இருக்கின்றன. அடுத்தவர் உழைப்பில் பங்கு கேட்க வேண்டாம்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். இட்டோசு கராத்தே சொல்லிக்கொடுத்த பள்ளிகளில் ஒன்று ஒகினாவாவின் முதல் நடுநிலைப் பள்ளி. 1945-ல் அமெரிக்கப் படை தீவில் இறங்கியபோது, அதே பள்ளியின் மாணவர்களைச் சீருடை மாட்டிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள். செய்தி கொண்டு ஓடவும், அறுந்த தொலைபேசிக் கம்பியைக் குண்டு மழையில் ஒட்டவும் போய்ச் செத்தார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த அந்தச் சண்டையில் ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தார் என்பது பொதுவான கணக்கு. அந்தப் பள்ளியில் இட்டோசுவோடு கராத்தே கற்பித்த ஹனாஷிரோ சோமோ அந்த ஆண்டே இறந்தார். கியான் சோத்தோக்கு என்ற இன்னொரு ஆசான் சண்டை முடிந்து செப்டம்பரில் பசியிலும் களைப்பிலும் போய்ச் சேர்ந்தார். கோஜு ரியுவை உருவாக்கிய மியாகி சோஜுன், தனக்குப் பின் இவர்தான் என்று நம்பியிருந்த ஷின்ஸாத்தோ ஜினானும் அந்தப் போரில்தான் போனார்.

1908 கடிதத்தையும் இன்றைய சங்க விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். ராணுவம் என்ற பேச்சு காணாமல் போய், அந்த இடத்தில் அமைதி உட்கார்ந்திருக்கும். நடுவில் நடந்தது 1945.

இது வெறும் பேச்சா என்று கேட்டால், அவர்கள் செய்ததைப் பார்க்கச் சொல்வேன். போருக்குப் பிறகு மியாகி, நஹா நகரின் ட்சுபோயா பகுதியில் தன் வீட்டுக் கொல்லையில் பாடம் நடத்தினார். மேலே கூரை கிடையாது. அடிக்காதே, அடி வாங்காதே, எந்த விபரீதமும் நேராமல் பார்த்துக்கொள்வதே அடிப்படை என்று அவர் சொன்னதாகக் கோஜு ரியு டோஜோக்களில் (பயிற்சிக்கூடங்களில்) இன்றும் ஒரு வாக்கு உண்டு. அப்புறம் ஷிமாபுக்கு தத்சுவோ போன்ற ஆசான்கள், தீவைப் பிடித்து உட்கார்ந்திருந்த அமெரிக்க மரைன் படை வீரர்களுக்கே கராத்தே சொல்லிக்கொடுத்தார்கள். அதில் வருமானமும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் யார் வந்து ஊரை எரித்தார்களோ அவர்களைச் சேர்ந்த இளைஞர்களையே மாணவர்களாக ஏற்று, தோளைப் பிடித்துத் திருத்தி, குனிந்து வணங்கக் கற்றுக்கொடுத்தார்களே, அதை எண்ணினால் எனக்குக் கை தன்னால் குவிகிறது. அமெரிக்காவுக்குக் கராத்தே போன பெரிய வழிகளில் ஒன்று அதுதான்.

2017-ல் ஒகினாவா மாகாணம் தோமிகுசுக்குவில் கராத்தேக்கென்றே பெரிய கூடம் ஒன்றைத் திறந்தது. அதே ஊரில்தான் ஜப்பானியக் கடற்படை மண்ணைக் குடைந்து அமைத்த பழைய தலைமையகச் சுரங்கமும் இருக்கிறது. 1945 ஜூனில் அதன் தளபதி அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். ஜப்பானில் அமெரிக்கப் படைக்கென்று ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் இன்றும் அந்தச் சின்னத் தீவுகளில்தான். அங்கே வாழ்கிறவர்கள் அமைதி என்று எழுதினால் அது அலங்காரத்துக்கு எழுதியதாக இருக்காது.

பயிற்சிக்குள் இதெல்லாம் எங்கே இருக்கிறது? சன்சின் கட்டாவைப் பாருங்கள். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். சட்டையைக் கழற்றிவிட்டு, காலைப் பிறைபோல வளைத்து எடுத்து வைத்து, மூச்சைக் கேட்கும்படி இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாக நகர்வதுதான். மாஸ்டர் பின்னால் வந்து நிற்பார். இரண்டு உள்ளங்கையாலும் தோளில் பட்டென்று அறைவார், தொடையைத் தட்டுவார், விலாவை அழுத்திப் பார்ப்பார். “தோளத் தூக்காதடா” என்று என் மாஸ்டர் சொல்லும்போது அறை ஏற்கெனவே விழுந்திருக்கும். மாணவன் அதை வாங்கிக்கொண்டு மூச்சு பிசகாமல் நிற்க வேண்டும். அடிக்கிற கை, எதிரே நிற்கும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அறிந்திருக்க வேண்டும். பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு விதமாக, புதிதாகச் சேர்ந்த நாற்பது வயதுக்காரருக்கு வேறு விதமாக விழும். தன் பலத்தை அளந்து கொடுக்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். குணம், அமைதி என்று சங்க விதியில் எழுதியிருப்பதை நான் உடம்பால் புரிந்துகொண்டது அங்கேதான். அதனால்தான் கட்டாவை மாற்றாதே என்கிற முதல் நோக்கத்திலும் பிடிவாதமாக இருக்கிறேன். நேரம் போதவில்லை என்று சன்சினைக் கழற்றிவிட்டால் இந்தப் பாடமும் சேர்ந்து போய்விடும்.

மெடலுக்கு நான் எதிரி கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா பிரிவில் தங்கம் வென்ற கியூனா ரியோ ஒகினாவாக்காரர். வென்றதும் அவர் துள்ளவில்லை. விரிப்பின் நடுவில் மண்டியிட்டு வணங்கினார், மறைந்த தாயின் படத்தோடு மேடை ஏறினார். அப்படிப்பட்ட போட்டியாளர் வந்தால் எந்தச் சங்கத்துக்கும் பெருமைதான். எனக்கு வருத்தம் வேறு. மியாகி தன் வாழ்நாளில் யாருக்கும் டான் பட்டம், அதாவது பிளாக் பெல்ட் தகுதி, கொடுத்ததில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொள்ளும் நம் ஊர் வகுப்புகள் சிலவற்றில், மூன்று மாதத்துக்கு ஒரு கலர் பெல்ட், ஒவ்வொன்றுக்கும் கிரேடிங் கட்டணம், பல் விழுந்து முளைக்காத குழந்தைக்கு பிளாக் பெல்ட் என்று போய்க்கொண்டிருக்கிறது. சான்றிதழின் அடியில் மட்டும் அமைதி, பணிவு, ஒழுக்கம் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருக்கும். தோளில் கை வைத்துத் திருத்த ஆளில்லாத இடத்தில் அந்த எழுத்துகள் எதற்கு? பெற்றோரே, பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் எத்தனை பேரைத் தொட்டுத் திருத்துகிறார், பயந்து நிற்கிற குழந்தையிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற கோப்பைகளை அப்புறம் எண்ணலாம்.

அக்டோபர் 25-ஐ ஒகினாவா மாகாணம் 2005-லிருந்து கராத்தே நாளாக வைத்திருக்கிறது. இந்த ஆண்டு அன்றைக்கு எங்கள் வகுப்பில் கிரேடிங் கிடையாது. சன்சின் செய்துவிட்டு, இட்டோசுவின் பத்துப் பகுதிகளையும் தமிழில் வாசிக்கப் போகிறோம், ராணுவம் பற்றிய பகுதியையும் விடாமல். பிறகு அந்தப் பள்ளிப் பையன்களைப் பற்றியும் ஷின்ஸாத்தோவைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசுவேன். பெற்றோரும் வந்து உட்காரலாம், கட்டணம் எதுவும் இல்லை.