மத்தியானக் கச்சேரிக்கு ஸ்பான்சர் யார்?

சென்னையில் டிசம்பர் சங்கீத சீசன் முடிந்தாலும் சண்டை முடிவதில்லை. யார் பாடிய தோடி ராகம் நின்றது, யாருக்குக் குரல் படுத்துவிட்டது, கச்சேரி நடத்துகிற எந்த சபா கேன்டீனில் காபி தண்ணீர்… ஒரு மாதத்துக்குப் பேசித் தீர்ப்போம். பேசாத விஷயம் ஒன்று உண்டு. இத்தனை கச்சேரிக்கும் காசு யார் கொடுக்கிறார்கள்?

மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பார்த்தால் வங்கி, பட்டுக்கடை, நகைக்கடை, ஃபைனான்ஸ் கம்பெனி என்று வரிசையாகப் பெயர் இருக்கும். சாயங்காலக் கச்சேரிக்கு அது சரி. பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடக்கிற இலவசக் கச்சேரிகளைப் பொறுத்தவரை பெரிய ஸ்பான்சர் மேடையில் உட்கார்ந்து பாடுகிறவர்தான் என்பேன். அவருக்கு அடுத்தபடி அவர் பக்கத்தில் வாசிக்கிறவர்கள்.

என் அக்கா பையன் மிருதங்கம் வாசிக்கிறான். போன சீசனில் மயிலாப்பூரில் ஒரு மத்தியானக் கச்சேரி. முடிந்ததும் செகரட்டரி ஆளுக்கு ஒரு கவரும் ஸ்பான்சர் பெயர் போட்ட துணிப்பையும் கொடுத்தார். கவரில் 700 ரூபாய். வீடு தாம்பரம் தாண்டி. கையில் இரண்டு மிருதங்கம், ஒன்று வாசிக்க, இன்னொன்று ஸ்டெப்னி. அதைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் முட்டி மோத முடியாது, கால் டாக்சிதான். போக வர வாடகைக்கே கவர் பற்றவில்லை. அன்று இரவு, பாடிய பெண் அவன் ஜிபேவுக்கு 1,500 ரூபாய் அனுப்பினாள். வயலின் வாசித்த பையனுக்கும் அனுப்பியிருப்பாள். அவளுக்கு வந்த கவரில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இது அபூர்வமும் இல்லை. பக்கவாத்தியக்காரரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிற இளம் பாடகர்களை எனக்கு நிறையத் தெரியும். வாசிக்கிறவர்கள் இதை வெளியில் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த வருஷம் ஸ்லாட் இருக்காது.

மிருதங்கக்காரன் செலவு இதோடு போவதில்லை. பாடகியின் சுருதி ஐந்தரைக் கட்டை என்றால் உயர்ந்த சுருதிக்கான ஹெச்சு மிருதங்கம் வேண்டும், பாடகர் ஒரு கட்டை என்றால் தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம் வேண்டும். இரண்டும் கையில் இல்லாவிட்டால் வருகிற கச்சேரியில் பாதி போய்விடும். வலந்தலை, அதாவது வலது பக்கத்துத் தோல், அடிக்கடி போகும், மாற்றியாக வேண்டும். அதைச் செய்து தருகிற தொழிலாளிக்கும் நியாயமான கூலி கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் 700 ரூபாய் கவரில் எங்கே இடம்?

சரி, செகரட்டரிதான் வில்லனா? அவரைத் திட்டுவது சுலபம். சொந்த மண்டபம் இல்லாத சபா என்றால் ஹால் வாடகை, மைக் செட், கரன்ட், ஆள் சம்பளம் என்று ஒரு நாளைக்கே கணிசமாகப் போகும். மத்தியானக் கச்சேரியில் டிக்கெட் கிடையாது. சாயங்காலம் நாலு பெரிய பெயர்களுக்கு ஹால் நிரம்பும், மற்ற நாட்களில் முதல் வரிசையில் பாஸ் வாங்கியவர்கள், பின்னால் காலி நாற்காலி. ஆயுள் சந்தா கட்டிய குடும்பங்கள் சில, அந்தச் சந்தா எந்தக் காலத்துத் தொகையோ! அதனால் அவர் கம்பெனிப் படிகளில் ஏறி இறங்குகிறார். 2013 கம்பெனிச் சட்டத்தில் சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணத்தை, கலைக்கும் பண்பாட்டுக்கும் செலவிட வழி இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரர் பேனரில் பெயர் எவ்வளவு பெரிதாக வரும், எத்தனை நாள் தொங்கும் என்றுதான் பார்ப்பார். அதனால் நாள் கூடுகிறது, ஸ்லாட் கூடுகிறது, ஒரு கவருக்குள் போகிற தொகை மட்டும் கூடுவதில்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. சபா என்கிற ஏற்பாடே டிக்கெட் வாங்குகிறவனை நம்பித் தொடங்கியது. அரண்மனையும் ஜமீனும் மடமும் பார்த்துக்கொண்ட சங்கீதம் பட்டணத்துக்கு வந்தபோது, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துக் கேட்கலாம் என்றானது. அதில் ஜாதி, தெரிந்தவர் தெரியாதவர் என்ற கோடுகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறவன் காசில் பாடுகிறவன் பிழைப்பது என்ற எண்ணம் புதிது, நல்லது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து சங்கீத மாநாடு நடந்து, 1928இல் மியூசிக் அகாடமி வந்து, டிசம்பர் என்றால் சங்கீதம் என்று ஆகி, இப்போது நூறு வருஷத்தைத் தொடப்போகிறோம். இந்த நூறு வருஷத்தில் நாம் கற்றுக்கொண்டது ஓசியில் கேட்பதற்கு. சரவண பவனில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் ஆகிற தொகையை, ராகம் தானம் பல்லவி என்று விஸ்தாரமாகப் பாடுகிறவருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. 500 ரூபாய் வரை கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கூடக் கிடையாது. அரசாங்கமே விட்டுக்கொடுத்திருக்கிறது, நாம் விடமாட்டோம்.

அப்படியென்றால் இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? சொல்லிக்கொடுத்துத்தான். காலை ஐந்து மணிக்கு நியூ ஜெர்சி குழந்தைக்கு ஸ்கைப்பில் சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாடம், என்பது கோவிட்டுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது, இப்போது ஸூம். டாலரில் வருகிற அந்தக் கட்டணம்தான் வீட்டு வாடகை. அப்புறம் நாட்டியத்துக்குப் பாடுவது, கல்யாண ரிசப்ஷன், நவராத்திரி. ஏதோ ஒரு வருஷம் கலைஞர்களுக்கான பி-3 விசா கிடைத்து அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிவிட்டு வந்தால் கடனில் பாதி அடையும். சென்னை சபா மேடை இதற்கெல்லாம் விளம்பரப் பலகை. பயோடேட்டாவில் நாலு சபா பெயர் இருந்தால் வகுப்புக் கட்டணம் ஏறும். அதனால்தான் கைக்காசு போட்டுப் பாடுகிறார்கள். சபாக்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான் அந்தக் கவர் அந்த எடையில் இருக்கிறது.

விளம்பரப் பலகை என்று ஆனபின், அதற்கு வாடகை கொடுக்கவும் ஆள் வருவார்தானே? டொனேஷன் கொடுத்து ஸ்லாட் வாங்குகிற கதையைப் பல வருஷமாகக் கேட்கிறோம். உடனே என்ஆர்ஐ பிள்ளைகள் மேல் பழியைப் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் 1978இலிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அங்கே தலைமுறைகள் வளர்ந்துவிட்டன, அந்தப் பிள்ளைகளில் பலர் நம் பிள்ளைகளைவிட அதிகமாகவே உழைக்கிறார்கள். கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்லாட்டுக்கு ஒரு விலை உண்டு என்று ஆனதும், கும்பகோணத்திலிருந்து வருகிற, அப்பாவுக்குச் சம்பளம் போதாத பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறது. அதன் குரலை யாரும் கேட்டு நிராகரிக்கவில்லை, கேட்கவே இல்லை.

ரெக்கார்டிங் வருமானம் என்று ஒன்று இருந்தது. எண்பது, தொண்ணூறுகளில் கேசட், பிறகு சிடி. சபா வாசலில் ஸ்டால் போட்டு விற்பார்கள். இப்போது எல்லாம் யூட்யூபில். அதிலும் ஒரு கூத்து: தெரிந்த பாடகர் ஒருவர் சொந்தக் குரலில் பாடிய தியாகராஜர் கீர்த்தனையை ஏற்றினார். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் காப்பிரைட் கிளெய்ம் வந்து நின்றது. தியாகராஜர் காலமானது 1847இல். எந்திரத்துக்கு அது தெரியுமா? அவர் முறையிட்டு அது விலகுவதற்குள் வீடியோவைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்திருந்தார்கள்.

நாகஸ்வரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கள இசை என்று முதல் நாள் கூப்பிடுவார்கள். அப்போது ஹாலில் பாதிப்பேர் நாற்காலி பிடித்துக்கொண்டிருப்பார்கள், மீதிப்பேர் வந்தே இருக்கமாட்டார்கள். நல்ல முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் வாசித்தால் அந்தக் குழுவுக்கு இதைவிட நிறையக் கிடைக்கும். மதிப்பு இங்கே என்கிறோம், சோறு அங்கே கிடைக்கிறது.

எனக்குத் தோன்றுவது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. மத்தியானக் கச்சேரிக்கு 100 ரூபாய் டிக்கெட் வையுங்கள். கூட்டம் குறையும், குறையட்டும். கச்சேரிகளின் எண்ணிக்கையும் குறையட்டும், ஒரு நாளைக்கு நாலு என்பது இரண்டாகட்டும். மிச்சமாகிற பணத்தைப் பாடுகிறவருக்கும் பக்கவாத்தியத்துக்கும் தனித்தனியாக, முன்கூட்டியே எழுதிச் சொல்லி, வங்கிக் கணக்கில் போடுங்கள். கவர் வேண்டாம். கவருக்குள் எவ்வளவு என்று வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்க்கிற தொழில் வேறு எதிலாவது உண்டா? எலெக்ட்ரீஷியன்கூட வேலைக்கு முன்பே தொகையைச் சொல்லிவிடுகிறார். சபா தன் ஆண்டறிக்கையில் கலைஞர்களுக்குப் போனது எவ்வளவு, மேடை அலங்காரத்துக்குப் போனது எவ்வளவு என்று இரண்டு வரி போடட்டும். சந்தா கட்டுகிறவர்கள் அதைக் கேட்கலாம், கேட்க உரிமை இருக்கிறது.

"சங்கீதம் தெய்வீகம், அதில் போய்க் காசு பேசலாமா" என்று கமென்டில் எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். திருவையாற்றில் தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாட யாரும் சன்மானம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அங்கே டிக்கெட் இல்லை, விஐபி சோபாவுக்கு விலை இல்லை, அது ஆராதனை. பேனரும் கேன்டீன் கான்டிராக்டும் சீசன் டிக்கெட்டும் இருக்கிற இடத்தில் பாடுகிறவர் மட்டும் பக்தியில் பாட வேண்டும் என்றால் எப்படி? கே.பி. சுந்தராம்பாள் 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அந்த அம்மாவின் பக்தியில் குறை கண்டவர் யாராவது இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், பேசலாம்.