பார்ட் டைம் பட்டாளம் என்று சிரித்தவருக்கு

என் வீட்டுக்காரருக்குக் காற்றாலை வேலை கொடுக்கிற கான்ட்ராக்டர் குரூப்பில் போட்ட அந்த வாய்ஸ் நோட்டை இதற்குள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "பார்ட் டைம் பட்டாளத்தானை நம்பி சீசன்ல காத்தாடியை விட முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு. காற்று சீசனுக்கு ஆள் எடுக்கிற லிஸ்டிலிருந்து என் வீட்டுக்காரர் பெயரை எடுத்ததுகூட அப்புறம்தான். கான்ட்ராக்ட் வேலையில் பெயர் வரும், போகும். ஆனால் கூட வேலை பார்க்கிற அத்தனை பேரும் இருக்கிற குரூப்பில் ஒரு மனுஷனைப் பற்றி இப்படிச் சிரிக்கலாமா?

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காற்று எப்போது அடிக்கும் என்று ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரரின் பட்டாளப் பயிற்சி முகாம் எப்போது என்று நாங்கள் நவம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. இரண்டும் மோதவே இல்லை. காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் முடிகிற விஷயம் இது. உட்கார மனசில்லை. மற்றதெல்லாம் சாக்கு.

புதிதாக என்னைப் பின்தொடர்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். என் வீட்டுக்காரர் டெரிட்டோரியல் ஆர்மியில் (சுருக்கமாக டி.ஏ.) சிப்பாய். வருஷத்தில் 2 மாதம் பயிற்சி முகாம், மீதி நாளில் அவரவர் பிழைப்பு. இவருடைய பிழைப்பு காற்றாலை. வீடு குரோம்பேட்டையில், வேலை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம். தாம்பரத்தில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் அப்புறம் எப்போது வருவார் என்பது காற்றின் கையில். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சர்வீஸ் நடக்கும். போல்ட்டையெல்லாம் முறுக்கிப் பார்ப்பது, கியர் பாக்ஸ் ஆயில், பிரேக், பிளேடு. மே கடைசியில் தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நுழைந்துவிட்டால் செப்டம்பர் வரை விடாது. அதுதான் சீசன். அந்த நாளில் ஒரு மெஷின் நின்றாலும் முதலாளிக்கு நஷ்டம். காற்று கொஞ்சம் தணிகிற நேரம் பார்த்து, நடுராத்திரியானாலும், ஹார்னெஸ் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வீட்டுக்கு வரும்போது தோளில் அந்தப் பட்டை அழுத்திய தழும்பு இருக்கும். கை நகத்துக்குள் போன கிரீஸ் எந்த சோப்புக்கும் போகாது.

இந்த வருஷம் முகாம் பிப்ரவரியில் ஆரம்பித்து ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. சீசன் மே கடைசியில். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. எங்கே ஐயா மோதுகிறது? சர்வீஸ் நாளில் ஆள் இல்லை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் நவம்பரிலேயே சொன்னோம். டிசம்பரிலேயே வந்து பாதி வேலையை முடித்துத் தருகிறேன் என்று இவரே கேட்டார். "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கவே இல்லை.

இப்போது வருகிற கமென்டுகளுக்கு வருகிறேன். "ரெண்டு படகில் கால் வைத்தால் இப்படித்தான், ஏதாவது ஒன்றை விட வேண்டியதுதானே?" இதை எழுதிய அண்ணன்களுக்கு டி.ஏ. என்றால் என்னவென்றே தெரியவில்லை. அந்தப் படையே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. சட்டம் 1948-ல் வந்தது. 1949 அக்டோபர் 9-ம் தேதி தொடங்கிவைத்தவர் நம் ராஜாஜி, அப்போது அவர் கவர்னர் ஜெனரல். வெளியே ஒரு வேலை பார்த்துக்கொண்டே, நாட்டுக்குத் தேவைப்படும்போது சீருடை போடுகிற குடிமக்கள் படை அது. சேருவதற்கே கையில் ஒரு வருமானம் இருக்க வேண்டும். இது முழுநேர வேலைக்கான வழி இல்லை என்று ஆள் எடுக்கிற விளம்பரத்திலேயே போடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு டி.ஏ.வில் இரு என்று சொன்னால் அர்த்தமே இல்லை. டி.ஏ.வை விட்டுவிடு என்று நீங்கள் சொல்லலாம். அதைத் தைரியமாக அப்படியே சொல்லுங்கள். "இந்த நாட்டுக்கு அப்படி ஒரு படை வேண்டாம்" என்று எழுதுங்கள், பேசுவோம். 1962, 1965, 1971 என்று மூன்று போரிலும் டி.ஏ. ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களும் எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களுக்கும் ஒரு முதலாளி இருந்திருப்பார், "சரி, போய்ட்டு வா" என்று சொல்லியிருப்பார்.

"எல்லாம் பணத்துக்காகத்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முகாமில் இருக்கிற நாளுக்கு, அழைப்பு வந்து பணியில் இருக்கிற நாளுக்குச் சம்பளம் உண்டு, ரெகுலர் ராணுவத்துக்கு உள்ளதே உண்டு. வெளியே வந்தால் ஒன்றும் கிடையாது. சிப்பாய்க்கு பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம் பணியில் இருந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு 2 மாதக் கணக்கில் அதைக் கூட்டிப் பாருங்கள், 90 வருஷம் வருகிறது. பணத்துக்காகப் போகிறவன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டா போவான்? 18 வயதிலிருந்து 42 வயது வரை சேரலாம் அண்ணா. ஆள் எடுக்கிற ராலியில் ஓடிப் பாருங்கள், அப்புறம் வந்து பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

என் மாமியார்கூட ஒருமுறை கேட்டார்கள், "ஒரு மனுஷனுக்கு எதுக்குடி ரெண்டு முதலாளி?" என்று. அவர்கள் கேட்டதில் அக்கறை இருந்தது. பெற்ற மனசு, ஒரு வேலையில் பிள்ளை உயரத்தில் ஏறுகிறான், இன்னொன்றில் துப்பாக்கி பிடிக்கிறான், இரண்டுமே பயம்தான். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். குரூப்பில் சிரித்தவரையும் அவர்களையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

போன வருஷம் மே மாதத்தை மறந்துவிட்டீர்களா? 2025 மே 6 தேதியிட்ட உத்தரவு. டி.ஏ. விதி 33-ன் கீழ், தேவைப்பட்டால் மொத்த டி.ஏ.வையும் பணிக்கு அழைக்கலாம் என்று ராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு எடுக்க ஒப்புதல். அது செய்தியில் வந்த அன்றைக்கு இவர் முப்பந்தலில் இருந்தார், சீசன் தொடங்கப்போகிற நேரம். ராத்திரி போன் வந்தது. எப்படி இருக்கே, பாப்பா சாப்பிட்டாளா என்று எதுவும் இல்லை. "டிரங்குப் பெட்டிச் சாவி எங்கே இருக்கு?" என்றுதான் கேட்டார். சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கறுப்புப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும். திறந்து பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். பூட்ஸ், பெல்ட், சாக்ஸ், ஜெர்சி. நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் "ம்" மட்டும் வந்துகொண்டிருந்தது. பாப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் குரல் உடையாமல் அந்த லிஸ்டைச் சொல்லி முடித்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

மறுநாள் காலையில், இப்போது குரூப்பில் சிரித்த இதே கான்ட்ராக்டர் சார் எனக்கு போன் செய்தார். "கவலைப்படாதீங்க மேடம், தம்பி எங்கே போனாலும் அவர் வேலை இங்கேயே இருக்கும், நான் இருக்கேன்" என்றார். அதோடு விட்டாரா? இவருடைய போட்டோவைக் கொடியோடு ஸ்டேட்டஸில் வைத்தார். "எங்கள் வீரர்" என்று எழுதி. சீருடைப் படம் எதுவும் போட வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சிய பிறகுதான் எடுத்தார். (அப்புறம் இவருக்கு அழைப்பு வந்ததா இல்லையா என்று கமென்டில் கேட்காதீர்கள். அது இங்கே எழுதுகிற விஷயம் இல்லை.) மே மாதம் "எங்கள் வீரர்". அடுத்த ஏப்ரலில் "பார்ட் டைம் பட்டாளத்தான்". ஆள் மாறவில்லை, வேலை மாறவில்லை.

இது அவரோடு முடிகிற குணமும் இல்லை. சேப்பாக்கத்தில் தல மைதானத்துக்குள் வந்தால் காது கிழியக் கத்துகிறோம். நானும் கத்துவேன். தோனி டி.ஏ.வில் கௌரவ லெப்டினென்ட் கர்னல், 2011-ல் கொடுத்தார்கள். 2019-ல் கிரிக்கெட்டிலிருந்து இரண்டு மாதம் விலகி, காஷ்மீரில் டி.ஏ. பட்டாலியனோடு சுமார் இரண்டு வாரம் போய் இருந்தார். அப்போது எத்தனை பேர் சல்யூட் போட்டீர்கள்! அதே டி.ஏ.தான் ஐயா இதுவும். அவர் போனால் தேசப்பற்று, என் வீட்டுக்காரர் போனால் ஆப்சென்ட்டா? ஆகஸ்ட் 15-க்கு மட்டும் கொலு பொம்மை மாதிரி எடுத்துத் துடைத்து மேல்படியில் வைத்துவிட்டு, மறுநாள் துணியில் சுற்றிப் பரணில் போடுகிறீர்கள். எங்கள் அசோசியேஷனில் கொடியேற்றக் கூப்பிட்டபோதும் எனக்கு அதுதான் தோன்றியது. ஆனாலும் போனார். கூப்பிட்ட மரியாதைக்காகப் போனார்.

சரி, கான்ட்ராக்டர் பக்கத்தையும் பேசுவோம், ஒருதலையாகப் பேசுகிறேன் என்று வேண்டாம். நான் மேலே சொன்ன அந்த 2025 மே மாத உத்தரவு 2028 பிப்ரவரி 9 வரை செல்லும். நடு சீசனில் அழைப்பு வந்தால் ஆளுக்கு எங்கே போவது என்று பயப்படுகிறார். நியாயம். அந்தப் பயம் எனக்கு இல்லையா? அவருக்கு ஒரு டெக்னீஷியன் குறைவார், அவ்வளவுதான். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே நான் காலையில் எழுந்து, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மருந்துக்கடையில் போய் பில் போடுகிறேன். பயம் இருந்தால் மாற்று ஆள் ஒருவரைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். கால் உடைந்தால், டெங்கு வந்தால் என்ன செய்வீர்கள்? அப்போது வருகிற மாற்று ஆள் இப்போது வர மாட்டாரா? வராத அழைப்புக்காக இருக்கிற வேலையைப் பிடுங்குவது முன்யோசனையா?

"சட்டம் இருக்கே, கேஸ் போடுங்க" என்கிறார்கள் படித்தவர்கள். இருக்கிறது. டி.ஏ. சட்டத்தில் பிரிவு 7ஏ. பணிக்கு அழைக்கப்பட்டுப் போனவர் திரும்பி வந்தால் முதலாளி அவரைப் பழைய வேலையில், முன்பைவிடக் குறையாத நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல சட்டம். மாதச் சம்பளக்காரருக்கு, அரசு வேலையில் இருப்பவருக்கு அது கைகொடுக்கும். எங்களுக்கு? இவருடைய வேலை செப்டம்பர் கடைசியில் தானாகவே முடிந்துவிடுகிறது. அடுத்த வருஷம் மறுபடி புதிதாக லிஸ்ட். கையில் ஒரு கடிதம் கிடையாது, ஐடி கார்டில் இருப்பதுகூட சப் கான்ட்ராக்டர் பெயர். பழைய வேலையில் சேர்த்துக்கொள் என்கிறது சட்டம், எந்த வேலையில் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. லிஸ்டில் பெயர் எழுதவில்லை, அவ்வளவுதான். இதற்கு எந்த கோர்ட்டில் போய் நிற்பது?

உண்மையில் எனக்கு வலிப்பது இங்கேதான் என்று இதை எழுதும்போது புரிகிறது. டி.ஏ. இல்லாவிட்டாலும் இவர்கள் இதைத்தான் செய்வார்கள். மனைவிக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போய் இருந்த ஒரு பையனையும் அந்த வருஷம் லிஸ்டிலிருந்து எடுத்தார்கள். அவன் அழுதது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் அழுதான். காற்றாலையில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்று என்று பேசுகிறோம். 1986-ல் தூத்துக்குடியில் ஆரம்பித்தது, இன்றைக்கு 10,000 மெகாவாட்டைத் தாண்டியாகிவிட்டது. சந்தோஷம்தான். அந்த மெஷின்களில் ஏறுகிறவன் கையில் ஒரு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இருக்கிறதா என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஏ.சி. ஓடுகிற வீட்டிலிருந்து "ஏதாவது ஒன்றை விடு" என்று எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுக்கு வருகிற கரன்ட்டில் அவர் ஏறிய டவரிலிருந்து வந்ததும் இருக்கும்.

"அவர் பேசாமல் நீ ஏன் பேசுகிறாய்?" என்று ஒரு பெண்ணே கேட்டிருக்கிறார். அவர் சோஷியல் மீடியாவில் இல்லை, இருக்கவும் மாட்டார். இந்தப் பதிவும் அவருக்குப் பிடிக்காது. "விடும்மா, வேற சைட் பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னார். அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டு எழுந்து போய் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு வந்தார், மடித்தும் வைத்தார். எப்போதும் செய்கிற வேலைதான். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் பேசாததால்தான் நான் பேசுகிறேன்.

இனி நடக்கப்போவது இது. செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போகிறோம். முகாம் முடிந்ததற்கான சான்று, நவம்பரில் அனுப்பிய மெசேஜின் பிரின்ட் அவுட், இந்த வருஷக் காலண்டர் மூன்றும் என் பையில் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை வேலை உண்டா என்று கேட்போம். உண்டு என்றால் எழுத்தில் வேண்டும், கையெழுத்தோடு. இல்லை என்றாலும் எழுத்தில் வேண்டும், காரணத்தோடு. அடுத்த முகாமுக்குத் தேதி வந்ததும் அதே வாரத்தில் அவர்களுக்குத் தெரிவிக்கிறோம் என்று நாங்களும் எழுதிக் கொடுக்கத் தயார். அதற்கும் ஒத்துவராவிட்டால் கயத்தாறு பக்கம் இன்னொரு கான்ட்ராக்டர் ஆள் கேட்டிருக்கிறார், முகாம் விஷயத்தைச் சொன்ன பிறகும் "வாங்க தம்பி, தேதியை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க" என்றிருக்கிறார். சம்பளம் கொஞ்சம் குறைவு. இவர் அங்கே போவார்.