பச்சை (வறுக்காத) காபிக் கொட்டையில் 12 சதவீத ஈரம் இருந்தால் மோசடியா?

பெங்களூரு அல்சூர் அண்ணன் ஒருவர், "12 சதவீத ஈரம் இருந்தால் கடைக்காரர் தண்ணீரை எடை போட்டு விற்கிறார், 6 சதவீதம்தான் முதல் தரம்" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

சர்வதேச காபி அமைப்பின் 420ஆம் தீர்மானம் (2004) ஏற்றுமதிக் கொட்டைக்குச் சொல்லும் அளவு 8 முதல் 12.5 சதவீதம். 6 சதவீதம் அதற்கும் கீழே. வாசனை போய், வெளுத்து, தோல் நீக்கும்போதே நொறுங்கும். 12.5ஐத் தாண்டினால்தான் பூஞ்சை பயம், அதோடு ஆக்ராடாக்சின் நச்சும் வரலாம். நம் ஊர் கொட்டையை இன்னும் கொஞ்சம் காயவைப்பார்கள்: பார்ச்மென்ட் (பழச்சதையை நீக்கி உள்தோலோடு காயவைப்பது) என்றால் 10 சதவீதம் வரை. பெங்களூரு மழைக்காலத்தில் சாக்கைத் திறந்து வைத்தால் ஈரம் தானே ஏறிவிடும், கடைக்காரர் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம்!

அப்புறம், மான்சூண்ட் மலபார் என்று ஒரு காபி வகை. மங்களூர்ப் பக்கம் பருவக்காற்றில் வேண்டுமென்றே ஊறவிட்டு, வெளிர் மஞ்சளாக உப்பவைப்பது. அந்தத் தீர்மானமே 12.5 சதவீத வரம்பிலிருந்து இதற்கு விலக்கு தருகிறது.

ஒன்று மட்டும் சரி: ஈரம் கூடினால் எடை கூடும். சந்தேகம் இருந்தால் கொட்டையைக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் ஈரம் அதிகம், வாங்காதீர்கள்.