முதலில் ஹீட்டர், அப்புறம் ஆமை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று அம்மா சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்கு வருடம் ஆகிறது. அமீனா வரவில்லை, கரண்ட் பில்தான் வந்தது.

மகளின் பிறந்தநாளுக்குக் கோவையில் ஒரு கடையில் சிவப்புக் காது ஆமைக்குட்டி ஒன்று வாங்கினோம். பத்து ரூபாய் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை. கூடவே நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட ஒரு டப்பா. "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். நானும் மண்டையை ஆட்டினேன். அது மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை, பெண்ணாக இருந்தால் ஓடு மட்டுமே 25 சென்டிமீட்டர் தாண்டலாம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருடம் கூட இருக்கும் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

சமவெளியில் இருப்பவர்கள் அந்த டப்பாவோடு சில மாதம் தள்ளிவிடுவார்கள். நாங்கள் இருக்கும் குன்னூர் மலைக்குளிரில் முடியாது. அந்த டிசம்பரில் ஒருநாள் காலை தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 14 டிகிரி. குட்டி அடியில் கல் மாதிரி கிடந்தது. முந்தின நாள் போட்ட தீனி ஊறிப் பஞ்சாகி மிதந்தது. ஆமைக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ உடம்பும் அவ்வளவுதான். குளிர்ந்துபோனால் செரிமானம் நின்றுவிடும், தின்றது வயிற்றுக்குள்ளேயே கெட்டுப்போகும். ஒரு வாரத்தில் மூக்கில் சின்னச் சின்னக் குமிழி, நீந்தும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. நுரையீரலில் சளி பிடித்ததற்கு அதுதான் அடையாளமாம். ஓட்டின் ஓரத்தை விரலால் தொட்டால் நகம் மாதிரி வளைந்தது. மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, "மருந்து அப்புறம், முதல்ல சூடு பண்ணுங்க" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், மலையில் ஆமை வளர்ப்பது என்றால் சூட்டை விலை கொடுத்து வாங்குவது. ஆமை விலை அதில் சில்லறை. தண்ணீர் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. அதற்கு ஹீட்டர், அதை ஆமை உடைக்காமலிருக்க மேலே ஒரு உறை. தண்ணீரை விட்டு முழுசாக ஏறி உட்கார ஒரு மேடை, மேடைக்கு மேல் 30 டிகிரிக்குக் குறையாமல் சூடு தரும் ஒரு பல்பு. இதோடு, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு தனியாக. ஜன்னலோரம் வைத்தால் வெயில் படுமே என்று நானும் நினைத்தேன். ஓடு இறுகத் தேவையான அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தவிர, நவம்பரில் குன்னூரில் வெயில் எங்கே இருக்கிறது? மூடுபனிதான். யூவிபி விளக்கிலும் ஒரு ஏமாற்று உண்டு: வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், உள்ளே கதிர் தீர்ந்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 வாட் ஹீட்டர் பாதி நாள் ஓடினாலே 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. அரசு தரும் இலவச 100 யூனிட்டை ஆமை ஒன்றே தின்றுவிட்டு மேலே கேட்கிறது.

ஆனால் பல்பு போட்ட முதல் நாளை மறக்க முடியாது. செங்கல் மேல் மெதுவாக ஏறி, கழுத்தை முழுசாக நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் விறைப்பாக நீட்டி, விரல்களுக்கு நடுவில் இருக்கும் சவ்வு தெரிய விரித்து, கண்ணை மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம் அசையவில்லை. மகள் செத்துப்போச்சு என்று அழுதாள்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால் தயவுசெய்து குட்டி வாங்காதீர்கள். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்க அமெரிக்காவிலேயே 1975-இல் தடை போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அதை வாயில் வைத்து சால்மொனெல்லா கிருமி தொற்றியதுதான் காரணம். நம் ஊர்க் கடையில் விற்பது எல்லாமே அந்தச் சின்ன சைஸ். வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் இந்த யோசனையே வேண்டாம். வளர்க்க முடியாமல் யாருக்காவது கொடுத்துவிடத் துடிக்கும் வீடுகள் கோவையிலும் திருப்பூரிலும் நிறைய. அங்கே போய் வளர்ந்ததாகப் பார்த்து எடுங்கள். முன்கால் நகம் நீளமாக இருந்தால் ஆண், அது அவ்வளவு பெரிதாகாது. கையில் தூக்கினால் காலால் பலமாக உதைக்க வேண்டும், கண் வீங்கியிருக்கக் கூடாது, ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாததை எடுக்காதீர்கள்.

வயலில் கிடைத்தது, கிணற்றில் கிடைத்தது என்று யாராவது பாலாமையோ நட்சத்திர ஆமையோ கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். 1972-ஆம் வருட வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்புறம் அந்த ஏரி யோசனை. "பெரிசாயிட்டா ஊட்டி ஏரியில விட்டுட்டாப் போச்சு" என்று நண்பர் ஒருவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை நெருக்கித் தள்ளும் ஊடுருவி உயிர்களில் உலகத்தின் மிக மோசமான 100-இன் பட்டியலில் இந்தச் சிவப்புக் காதுக்காரன் இருக்கிறான். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது. ஏரியில் விடுகிறவர்கள் ஆமைக்கு விடுதலை கொடுத்ததாக நினைத்துக்கொள்வதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கள் ஆமை, பெண் என்று இப்போது தெரிந்துவிட்டது, ஓடு 18 சென்டிமீட்டர். அங்குலத்துக்கு 40 லிட்டர் என்ற கணக்கில் 280 லிட்டர் தொட்டி. தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து 300 கிலோ தாண்டும். பழைய வீடு, மாடியில் பலகைத் தளம். எங்கே வைப்பது என்று இரண்டு வாரம் யோசித்தோம். கடைசியில் அம்மாதான் சமையலறையில் அரிசி டிரம்மை நகர்த்தி இடம் கொடுத்தார். மழையில் கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போடுவதும் அவர்தான். பழமொழியை மட்டும் இன்னும் விடவில்லை.