ஓடாத நேரத்துக் கிரேஹவுண்ட்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் அவளுக்கு மாடிப்படி என்றால் என்னவென்றே தெரியவில்லை. இங்கிலாந்தின் பந்தயத் திடல்களில் நான்கு வயது வரை ஓடி, வலது பின்னங்கால் கணு முறிந்தபின் தத்துக்கு வந்த கிரேஹவுண்ட் இனப் பந்தய நாய் அவள். முதல் படியில் முன்கால்களை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று புரியாமல் நடுங்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பழக்க மூன்று நாள் ஆயிற்று.

வாய்ப்பூட்டுடன் பாயும் படங்களை மட்டுமே பார்த்தவர்கள் இதை முரட்டு நாய் என்று எண்ணிவிடுகிறார்கள். ஓட்டத்தின் பரபரப்பில் ஒன்றையொன்று காயப்படுத்திவிடக் கூடாது என்பதற்காகப் போடப்படுவது அந்த வாய்ப்பூட்டு. மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் இந்த உடல், அரை நிமிட ஓட்டத்துக்காக வார்க்கப்பட்டது. நாளின் பெரும்பகுதியை அது தூங்கியே கழிக்கும்.

இந்த இனத்தின் குணத்தைப் பற்றிப் படித்தவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவின் ரோம ஆளுநராக இருந்த அர்ரியன் எழுதிய வேட்டை நூல். பண்டைய ஐரோப்பாவின் கெல்ட் மக்களின் ‘வெர்ட்ராகஸ்’ என்ற வேட்டைநாய் கிரேஹவுண்டின் மூதாதை என்று கருதப்படுகிறது. அந்த வகை நாய் ஒன்றை, ஹோர்மே என்று பெயரிட்டு, அர்ரியனே வளர்த்தார். வெளியே கிளம்பினால் அது முன்னால் ஓடிச் சென்று, அவர் வழி மாறிவிட்டாரோ என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கும் என்றும், சாப்பிடும்போது தன் பங்கை நினைவூட்டக் காலால் மெல்லத் தொடும் என்றும் எழுதுகிறார். மனிதர் ஒருவரோடு படுக்கவைப்பதே இந்த நாய்க்கு நல்லது என்கிறார். முயல் தப்பிவிட்டால் மகிழ வேண்டும் என்று எழுதிய வேட்டைக்காரர் அவர்!

எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் உள்ள ஒல்லி நாய்தான் கிரேஹவுண்ட் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வு, கிரேஹவுண்டைப் போலவே ஒல்லியான ஆசிய வேட்டைநாய்களான சலூக்கியையும் ஆப்கன் ஹவுண்டையும் பழமையான தொகுதியில் வைத்தது. கிரேஹவுண்டோ ஐரோப்பிய மேய்ப்பு நாய்களின் பக்கத்தில் நின்றது. ஆகவே கெல்ட் வழியையே நான் நம்புகிறேன்.

நாய்களை விட்டு முயல் துரத்தும் போட்டிக்கு 1776இல் இங்கிலாந்தின் ஸ்வாஃபமில் சங்கம் அமைந்தது. அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித் 1912இல் இயந்திர முயலை உருவாக்கிய பிறகு, உயிருள்ள முயலின் இடத்துக்குப் பொம்மை வந்தது. 1926இல் மான்செஸ்டரின் பெல் வூவில் பந்தயம் தொடங்கியது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில், இங்கிலாந்தின் பெரிய கிரேஹவுண்ட் பந்தயமான டெர்பியை வென்ற மிக் த மில்லர் நாடறிந்த நாயானது. முயல் பிழைத்தது, துன்பம் நாயிடம் வந்து சேர்ந்தது. இடப்புறமாகவே திரும்பும் வளைவுகளில், அந்த வேகத்தில், வலது பின்னங்கால் கணுவின்மேல் விழும் அழுத்தம் கொடியது. அங்கு எலும்பு முறிவது இந்தப் பந்தயத்தில் வழக்கமான காயம். எங்கள் பெண்ணுக்கும் அதுவேதான்.

எனவே பந்தயம் நிறுத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஃப்ளோரிடா வாக்காளர்கள் 2018இல் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் அதே முடிவை அறிவித்தது.

தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துரத்தும் இயல்பு ஓய்வு பெறுவதில்லை. பூனை உள்ள வீடென்றால் முன்கூட்டியே பழக்கிப் பார்க்க வேண்டும். வேலியில்லாத இடத்தில் வாரை அவிழ்க்கவே கூடாது. தோல் மெல்லியது, உடலில் கொழுப்பு குறைவு. குளிர்காலத்தில் மேலங்கி வேண்டும்.

ஓடுவது அவற்றுக்குப் பிடிக்குமே என்று பந்தய ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், பிடிக்கும். கால் தேறியபின், மருத்துவரின் அனுமதியோடு, வாரம் இருமுறை வேலியிட்ட புல்வெளியில் அவளை அவிழ்த்துவிடுகிறோம். காதுகளை மடித்து, தரை தொடாமல் பறப்பவள்போல் இரண்டு சுற்று வருவாள். பிறகு தானாகவே நின்று, மூச்சிரைக்க நடந்து வந்து, தன் முழுப் பாரத்தையும் என் காலில் சாய்த்துக்கொள்வாள். மூன்றாவது சுற்றை அவள் ஒருநாளும் ஓடியதில்லை.